பஸ் நிறுத்தம் வரை

"அம்மா, இந்த மடத்துல எனக்கு ஒரு நிமிஷ நிம்மதி கெடையாது," என்றார் திருமலையப்பன்.

மடத்தை நடத்தும் உலகம்மை, அவர் காய்ச்சிய கஞ்சியை ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"உப்பு பத்தல அண்ணாச்சி."

அவருக்கு உச்சந்தலை வரை எரிந்தது. என்ன கேட்டால் என்ன பதில்!

திருமலையப்பன் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஊர் நூற்பாலையை மூடினார்கள். சம்பளம் நின்றது. தீபாவளிக்குக்கூடத் துணி எடுக்க ஆள் வராமல் கடையும் படுத்துவிட்டது. ஷட்டரை இழுத்துப் பூட்டிய மத்தியானம், எங்கே போவதென்று தெரியாமல், ஒண்டிக்கட்டையான அவர் மடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றார். அப்போது மடத்து வாசலிலிருந்து உலகம்மை கூப்பிட்ட குரல் கேட்டது.

"பஸ் வர்ற வரைக்கும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன்," என்று உள்ளே வந்தவர்தான்.

அந்த பஸ் இன்னும் வரவில்லை.

உலகம்மை அவரைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அவள் காலில் விழுந்து, "மனசு அடங்க ஒரு உபதேசம் குடுங்க," என்று கேட்டார். அவள் கரண்டியைக் கொடுத்தாள்.

"சமையலப் பாருங்க. மத்தியானம் வாசல்ல நின்னு கூப்பிடுங்க. இதான் உபதேசம்."

கூப்பிடுவது அந்த மடத்து வழக்கம். அண்டா இறங்கியதும் ஒருவர் வாசலில் நின்று, "பசியோட இருக்கவுக வாங்க, பந்தி போட்டாச்சு!" என்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் வாய் திறந்து எதுவும் கேட்க வேண்டியதில்லை. மடத்து ஆட்களும், உலகம்மையும்கூட, அந்தக் குரலைக் கேட்டுத்தான் பந்திக்கு வருவார்கள்.

ஆலை மூடியபின் பந்திக்குத் திருவிழா மாதிரிக் கூட்டம் வந்தது. அரிசி அனுப்பிய பெரிய மனிதர்கள் கையை விரித்துவிட்டார்கள். சோறு கஞ்சியாயிற்று. அதுவும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைசி ஆள் தட்டை நீட்டும்போது அண்டாவைச் சுரண்டும் சத்தம்தான் கேட்கும். அந்த ஆளின் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியவர் திருமலையப்பன்.

"பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க? கடையில வேலையாட்கள்ட்ட சம்பளம் இல்லன்னு சொன்னேன். இங்கயும் வந்து இல்லன்னு சொல்லுதேன். இந்தக் கஷ்டகாலம் முடியட்டும் அம்மா, அப்புறம் உக்காந்து தியானம் பண்ணுதேன்."

"அது முடிஞ்சா நீங்க ஏன் இங்க இருக்கப் போறீங்க?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீங்க?"

"நேரமாச்சு. வாசல்ல போயிக் கூப்பிடுங்க."

சுவரோடு பேசியிருக்கலாம் என்று முனகிக்கொண்டே போனார்.

வாசலில் நின்றபோது வியாபாரி மூளை விழித்துக்கொண்டது. மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பதுதானே வழக்கம்? எவ்வளவு சத்தமாக என்று யாரும் சொல்லவில்லையே.

கதவுக்கு ரகசியம் சொல்வதுபோல மூன்று முறை கூப்பிட்டார். வேப்பமரத்துக் காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதில் ஓரமாக நின்றவர்கள் மட்டும் வந்தார்கள். கஞ்சி போதுமாக இருந்தது. மறுநாளும் அப்படியே. சாப்பாடு முடிந்ததும் தூணில் சாய்ந்து கண்ணை மூடினார். மனசுக்குள்ளே ஒரு சத்தமும் இல்லை.

ஓடிப் போய்ச் சொன்னார்.

"அம்மா, மனசு அடங்கிட்டு! பட்ட பாடு வீண் போகல. கஷ்டத்துலயும் ஒரு பக்குவம் வந்துட்டு."

உலகம்மை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்படியா. சந்தோஷம்."

அதற்கு அடுத்த நாள், பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தார். உலகம்மையின் தட்டு ஈரம்படாமல் கவிழ்ந்து கிடந்தது. முந்தின நாளும் அப்படித்தான் கிடந்தது. அன்றைக்கு விரதம் என்று நினைத்திருந்தார்.

இப்போது அவளைப் பூஜை அறையில் தேடினார். மாட்டுத் தொழுவத்தில் தேடினார். தெருவை எட்டிப் பார்த்தார்.

எதிரே பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இருபுறமும் மூடிய ஆலையின் தொழிலாளிகள். மடியில் டிபன் பாக்ஸ் பையை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்கள் மாதிரியே இருந்தார்கள்.

வெயிலில் தெருவைக் கடந்து போனார்.

"கஞ்சி ஆறிட்டு அம்மா. ஏன் வரல?"

"கூப்பிடலயே."

"மூணு தடவ கூப்பிட்டேன்!"

"இங்க கேக்கலயே அண்ணாச்சி."

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"இங்க வரைக்கும் கேக்கணும்னா தொண்ட கிழியணும்! கிழியக் கிழியக் கூப்பிட்டா, இத்தன பேருக்குக் கஞ்சிக்கு நான் எங்க போவேன்? காலி அண்டா முன்னால நீங்க ஒரு நாள் நின்னு பாருங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"இப்பக் கேக்குது," என்றாள் உலகம்மை.

அவர் மூச்சு வாங்க நின்றார்.

ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவினார். யாரும் எழுந்திருக்கவில்லை. விசிலடித்ததும் பஸ் போய்விட்டது. பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உலகம்மை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க எந்த பஸ்ஸுக்கு நின்னீங்க?"

அவர் திரும்பி மடத்துக்குள் போனார்.

நாளைக்கென்று வைத்திருந்த அரிசியை உலையில் கொட்டினார். தண்ணீரைக் கூட்டி ஊற்றினார். உப்புப் போட்டு, ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டார்.

பிறகு வாசலுக்கு வந்தார். நாளைக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படியே கூப்பிட்டார்.

வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

பஸ் நிறுத்தத்தில் முதலில் எழுந்தது உலகம்மைதான். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்:

"வாங்க, பஸ் வர்ற வரைக்கும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துருவோம்."