இறங்காத கிரேடு

2023 ஏப்ரல் 16, ஞாயிறு, காலை பதினொன்றே கால். பி கிரேடில் ஒன்பது ரிமோட் கார்கள் ஓடி முடித்திருந்தன. ஒன்பதாவது சவரிமுத்து.

அவருடைய நண்பர் திருமூர்த்தி நேராக நடுவர் மேசைக்குப் போனார்.

"மேடம், சவரியைக் கீழ இறக்கி விடுங்க."

நடுவர் சுகந்தி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. திருமூர்த்தியை விடப் பதினைந்து வயது இளையவர். ஐம்பது வயதில் வந்த திருமூர்த்திக்கு ரிமோட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இருகூர் தாண்டி, மூடிய மில் ஒன்றின் வளாகத்தில் இருந்த அந்த மண் தடத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் பேசுவதும் குறைவு.

"கிரேடு இறங்காதுங்க."

அது எல்லோருக்கும் தெரிந்த விதி. புதிதாக வருபவருக்கு சி லைசென்ஸ். ஒரு பருவத்தில் மூன்று முறை முதலாவது வந்தால் பி. அங்கேயும் மூன்று முறை என்றால் ஏ. ஏறியவர் இறங்க முடியாது. இறங்க விட்டால் கெட்டிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்து கோப்பை பொறுக்குவார்கள். ஜூன் முதல் மே வரை ஒரு பருவம் முழுக்க ஓட்டாமல் இருந்தால் மட்டும் லைசென்ஸ் காலாவதி. அதன் பிறகு வந்தால் மறுபடி சி.

"அவனுக்குக் கை சரியில்லைங்க."

"தெரியும்."

சவரிமுத்து மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ரிமோட்டில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் விரலுக்கு நல்லது என்று திருமூர்த்திதான் அவரை இங்கே கூட்டிவந்தார். நவம்பர், டிசம்பர், ஜனவரி. திருமூர்த்தியும் ஓட்டும் சி கிரேடில் மூன்று பந்தயம், மூன்றிலும் சவரிமுத்து முதலாவது. பிறகு பி. மூன்று பந்தயம், மூன்றிலும் கடைசி.

"எல்லாரும் முடிச்சு ரிமோட்டைக் கீழ வச்ச பிறகும் அவன் கார் மட்டும் ஓடிட்டிருக்குதுங்க. ஜெயிச்ச கை எங்கடா போச்சுங்கறான். மறுபடியும் விழுகுதுன்னே முடிவு பண்ணிட்டான். டாக்டர் சொன்ன பயிற்சி எல்லாத்தையும் நிறுத்திட்டான். பெசையறதுக்குக் குடுத்த ரப்பர் பந்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டானுங்க."

சுகந்தி ஒரு விசையைத் தட்டினார். பிரிண்டரிலிருந்து இரண்டு தாள்கள் வந்தன.

பலகையில் ஒட்டும் தாளில் யார் எத்தனையாவது என்பது மட்டும் இருக்கும். இவற்றில் ஒவ்வொரு சுற்றின் நேரமும் இருந்தது.

"இது நவம்பர். சவரியண்ணன் வரிசையைப் படிங்க."

"முப்பத்துநாலு செகண்டு. முப்பத்துநாலு. முப்பத்துநாலரை."

"இது இன்னைக்கு."

"முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணு." திருமூர்த்தி நிமிர்ந்தார். "மேடம், மூணு செகண்டு கொறஞ்சிருக்குதே!"

"கை நல்லாகிட்டு வருதுங்க. பி-ல ஓடறவங்க இருபத்தாறு. அதான் கடைசி."

திருமூர்த்தி தாள்களைப் பிடுங்காத குறையாக எடுத்தார். "இப்பவே காட்டறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டறேன்."

"காட்டுங்க," என்றார் சுகந்தி. நவம்பர் தாளில், சவரிமுத்துவின் வரிசைக்கு அடுத்த வரிசையில் விரலை வைத்தார்.

திருமூர்த்தி. இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது. பிறகு நாற்பது, நாற்பது, நாற்பது, நாற்பது.

திருமூர்த்தி தாளை மேசையில் வைத்தார்.

"மூணு மாசமும் இப்படித்தாங்களா தெரியுது?"

"மூணு தாளும் இருக்கு."

"அப்பவே ஏங்க சொல்லலை?"

"மெதுவா ஓட்டக் கூடாதுன்னு விதியில்லை. வேக விசையில இருக்கற விரல் உங்களுது."

"என் வரிசையை மட்டும் வெட்டி எடுத்துட்டுக் காட்டலாங்களா?"

சுகந்தி இழுப்பறையைத் திறந்தார். கத்தரிக்கோலை எடுத்துத் தாளின் மேல் வைத்தார்.

திருமூர்த்தி நேராக, பிசிறில்லாமல் வெட்டினார். மிச்சத்தைத் தூக்கிப் பிடித்து, சவரிமுத்து படிப்பதைப் போலப் படித்துப் பார்த்தார். முப்பத்துநாலு, முப்பத்துநாலு. மயிரிழை இடைவெளியையும் விரல் நுனியில் கண்டுபிடித்த ஃபிட்டர் அவர்; கேட்காமல் விடமாட்டார். 'முப்பத்துநாலுல நான் எப்படிடா ஜெயிச்சேன்? இருபத்தொன்பதுல ஓடறவன், நீ அன்னிக்கு எங்க இருந்தே?'

"டேப் இருக்குங்களா மேடம்?"

சுகந்தி டேப்பைக் கொடுத்தார்.

சவரிமுத்து கார் டயரில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தாள்களை வாங்கி முழங்காலில் விரித்தார்.

"என்னடா இது, ஒட்டுப் போட்டிருக்குது?"

"வெட்டினேன்."

"அப்புறம் எதுக்கு ஒட்டினே?"

சவரிமுத்து தன் வரிசையைப் படித்தார். பிறகு அடுத்த வரிசையை. வலது கை விரல்களை மெல்ல மடக்கினார், நீட்டினார். மறுபடி மடக்கினார்.

"அப்ப கை நல்லாத்தான் இருக்குது."

"ஆமாண்டா."

"நீதான் சரியில்லை."

எழுந்து போய் நடுவர் மேசையில் பி லைசென்ஸை வைத்தார். "வர்ற பருவம் பூரா ஓட்டாம உக்கார்றனுங்க மேடம். மறுபடி சி-ல இருந்து வர்றேன்."

பின்னாலேயே வந்து நின்ற திருமூர்த்தியிடம் திரும்பினார்.

"சி-க்கு வருவேன். அங்க உன்னை நெசமா ஜெயிக்கோணும். அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் வராதே. நடுவுல ஒருநாள் விரலை எடுத்தீன்னு தெரிஞ்சுது, அப்புறம் எப்பவும் வராதே. தாளைக் கேட்டு வாங்கிப் பாப்பேன்."

அவர் நொண்டியபடி கேட்டைத் தாண்டும்வரை திருமூர்த்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சது பாவமுங்களா மேடம்? மூணு மாசம் அவன் சிரிச்சுட்டு இருந்தானுங்க."

"தெரியலீங்க," என்றார் சுகந்தி. "எங்கிட்ட இருக்கறது நேரம் மட்டுந்தான்."

ஜூனில் புதுப் பருவம் தொடங்கியது. திருமூர்த்தி விரலை எடுக்காமல் ஓட்டினார். சில மாதம் கார் கவிழ்ந்தது. சில மாதம் புதிதாக வந்த கல்லூரி மாணவர்கள் முந்தினார்கள். ஆகஸ்டில் ஜெயித்தார். டிசம்பரில் ஜெயித்தார். சவரிமுத்துவைப் பற்றி மருந்துக் கடைக்காரர் மூலம்தான் கேள்விப்பட்டார். புதிதாக இரண்டு ரப்பர் பந்து வாங்கினாராம். பேனா பிடித்துக் கையெழுத்துப் போடுகிறாராம்.

2024 மே 19. பருவத்தின் கடைசிப் பந்தயம்.

"மேடம், இன்னிக்கும் ஜெயிச்சா நான் பி-க்குப் போயிருவேன்."

"ஆமாங்க."

"சவரி அடுத்த மாசம் சி-க்கு வர்றான்."

"பேர் குடுத்துட்டார்."

"ரெண்டாவதா வந்தாப் போதும். புதுப் பருவத்துல மறுபடியும் முதல்ல இருந்து எண்ணுவீங்க. நானும் இங்கியே இருப்பேன். ஒரே ஒருக்கா அவன்கூட நெசமா ஓடிடுவேன்."

சுகந்தி அவரைப் பார்த்தார். கை நீட்டிக் கடிகாரத்தைச் சுழியத்தில் வைத்தார்.

திருமூர்த்தி, ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையில் ஏறினார். கடைசிச் சுற்றில் அவர் கார்தான் முன்னால். இரண்டு கார் நீளம் பின்னால் ஒரு மாணவரின் கார். நேர்பாதையில் ஒரு நொடி விரலைத் தளர்த்தினால் போதும், அது தாண்டிவிடும்.

விரல் வலித்தது. அவர் எடுக்கவில்லை.

2024 ஜூன் 9, ஞாயிறு. சி கிரேடில் பத்துக் கார்கள் ஓடின. சவரிமுத்து நான்காவது வந்தார். திருமூர்த்தியின் பெயர் பி கிரேடு பட்டியலில் இருந்தது.