பராக்! இளவரசி வாய் திறக்கிறாள்

முன்னொரு காலத்தில் வெண்கோட்டு நாட்டைக் கடம்பமாறன் என்றொரு அரசன் ஆண்டான். ஆண்டானா, கத்தினானா என்பதில் மக்களிடையே இரண்டு கருத்து உண்டு.

அவன் மகள் நறுமுகைக்கு நான்கு வயது. சொன்னதெல்லாம் புரியும், ஒரு சொல்கூடப் பேசமாட்டாள்.

அரச குடும்பத்தில் யார் வாய் திறந்தாலும் பட்டங்களை முழங்குவது கட்டியக்காரன் கோளரியின் வேலை. அரசனுக்குச் சுருக்கமாக, இளவரசிக்கு முழு நீளத்தில். அவன் முடிப்பதற்குள் குழந்தை வாயை மூடிவிடும். அவள் என்ன கேட்டாள் என்பதையும் அவனே அறிவித்துவிடுவான்.

"மன்னா, இளவரசி மந்தம். காட்டுக்கோட்டைக்கு அனுப்பிவிடலாம். துணைக்கு அமைச்சர் நல்லாதனையும் அனுப்பினால் அரண்மனைக்கே நல்லது" என்றான் கோளரி.

அரசன் அமைச்சரிடம் திரும்பினான். "நாளை மாலைக்குள் அவள் பேசவேண்டும். இல்லையென்றால் இருவரும் காட்டுக்கு!"

"ஆகட்டும் அரசே. நாளை மதியம் மட்டும், இளவரசிக்கு முழங்குகிற முறைப்படியே கோளரி உங்களுக்கும் முழங்கட்டும்."

மறுநாள் சாப்பாட்டில் அரசன் மிளகாயைக் கடித்துவிட்டான். எதிரே நறுமுகை. அரசன் வாய் திறந்தான்.

"மோ..."

"பராக்! பராக்! வெண்கோட்டு வேந்தர், ஏழு மலைக் காவலர், யானைமேல் ஏறியும் இறங்கியும் புகழ்பெற்றவர்..." முழங்கி முடித்த கோளரி, "மன்னர் பாயசம் கேட்கிறார்!" என்றான்.

பாயசம் வந்தது.

"இல்லையடா, மோ..."

"பராக்! பராக்!"

மறுபடியும் பாயசம். ஆறாவது கிண்ணத்தில் அரசன் வாயை மூடிக்கொண்டான். கண்ணில் மட்டும் தண்ணீர்.

"மன்னருக்கும் மந்தமோ?" என்று கோளரி கிசுகிசுத்தான். அவன் கிசுகிசுத்தால் கொல்லைப்புறம் வரை கேட்கும்.

"அரசே, நாற்பது வருடம் பேசிய உங்களுக்கே ஆறு தடவையில் சொல் உள்ளே போய்விட்டது" என்றார் அமைச்சர். "குழந்தைக்குச் சொல் மெல்லத்தான் வருகிறது. வருவதற்குள் நாம் பேசி முடித்துவிடுகிறோம்."

யாரும் முழங்கக்கூடாதென்று அரசன் கையை உயர்த்தினான்.

நறுமுகை வாய் திறந்தாள். கோளரியின் தொண்டை தானாகவே அசைந்தது. அமைச்சர் அவன் வாயில் ஒரு முழு லட்டை வைத்தார். காத்திருந்தார்கள். சோறு ஆறியது. ஒரு ஈ பாயசத்தில் இறங்கிக் குளித்து, கரையேறிப் போனது.

"அப்பா..." என்றாள். ஈ திரும்பி வந்தது. "...மோர்."

அரசன் அழுதது மிளகாயால் என்று அரண்மனை அறிவித்தது.

"இனி மடமடவென்று பேசுவாளா?"

"மெதுவாகவே பேசலாம், அரசே. காத்திருப்பது நம் வேலை."

அமைச்சருக்கு முத்துமாலை. கோளரிக்குப் புது உத்தியோகம்: இளவரசி சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் கேட்பது. முதல் நாளே அவள் அவனுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு... ஊர்ல..."

கோளரி உட்கார்ந்திருக்கிறான். ராஜா இன்னும் வரவில்லை.