திரைக்குப் பின்னால் உட்கார்ந்த குரங்கு

கரட்டுக் காட்டில் தொங்கட்டான் என்றொரு கருங்குரங்கு இருந்தது. அதற்குச் சினிமாப் பைத்தியம்.

காட்டுக்குள் சினிமா எப்படி வரும் என்று கேட்கிறீர்களா? காடு முடிகிற இடத்தில் ஓர் ஊர். ஊர் எல்லையில் ஒரு மைதானம். சனிக்கிழமை இருட்டியதும் அந்த ஊர் இளைஞர்கள் மூங்கில் நட்டு, பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி, புரொஜெக்டரில் படம் போடுவார்கள். முதலில் மாமியார் மருமகள் தொடர். அப்புறம் புதுப்படம். ஜனங்கள் ஊர்ப் பக்கம் பாய் விரித்து உட்காருவார்கள். துணிக்கு இந்தப் பக்கம், காட்டோரமாக ஒரு புளியமரம். தொங்கட்டானுக்கு அதுதான் பால்கனி!

அது படம் பார்க்கிற லட்சணத்தைக் கேளுங்கள். கொஞ்சம் படம், கொஞ்சம் புளியம்பழம், கொஞ்சம் தூக்கம். சண்டை வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும். அழுகை வந்தால் பேன் பார்க்கும். இடைவேளை விட்டால் எழுந்து போய்விடும். ஆனால் மறுநாள் காலையில் குளக்கரைக்கு வந்து அது பேசுகிற பேச்சு இருக்கிறதே, அப்பப்பா!

"அண்ணே, நேத்து என்ன படம்?" என்று முயல் ஓடி வரும்.

"படமா அது? அநியாயம்! போலீஸ்காரன் பீச்சாங்கையால சல்யூட் அடிக்கிறான்!"

"ஐயையோ!" என்று முயலின் காது இரண்டும் விறைத்துக்கொள்ளும்.

ஊரை ஒட்டியே வளர்ந்த விலங்குகள் அவை. சோறு தின்பது எந்தக் கை, எந்தக் கையால் ஒரு பொருளைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவற்றுக்கு அத்துப்படி.

"அந்தக் காதல் படம் எப்படிண்ணே?" என்று காட்டுப்பன்றி கேட்கும்.

"அவன் காதலிக்கவே இல்லப்பா! 'என் நெஞ்சுல நீதான் இருக்கே'ன்னு சொல்றான். கையை எங்க வைக்கிறான் தெரியுமா? வலது பக்கம்! நெஞ்சு வலது பக்கமா துடிக்குது? பச்சைப் பொய்!"

"அடப்பாவி! அந்தப் பொண்ணு கதி?"

"யாருக்குத் தெரியும்? நான்தான் இடைவேளையிலேயே எழுந்து வந்துட்டேனே. அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க மனசு வருமா?"

துப்பறியும் தொடர் ஒன்று போட்டார்கள். அதற்கும் கருத்து உண்டு. "கொலைகாரன் பீச்சாங்கைக்காரன்னு டாக்டர் சொல்றாரு. சொன்னதும் நான் சுத்திப் பார்த்தேன். அங்க இருக்கிற அத்தனை பேருமே பீச்சாங்கை! போலீஸும் பீச்சாங்கை! ஏன், அந்த டாக்டரே பீச்சாங்கை! இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? எல்லாரும் சேர்ந்துதான் கொன்னிருக்காங்க!"

குளக்கரையே வாயைப் பிளந்தது.

துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் வலது இடதாகத் தெரியும், இடது வலதாகத் தெரியும். அவ்வளவுதான் சங்கதி. சின்னக் குழந்தைக்குக் கூட இது புரியும். ஆனால் தொங்கட்டான் ஒரு தடவை கூட மரத்தைவிட்டு இறங்கி அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. அங்கே புளியம்பழம் கிடையாதே!

ஒரு நாள் அது மூச்சிரைக்க ஓடி வந்தது. "கேட்டீங்களா அக்கிரமத்தை! புதுசா ஒரு தொடர். மருமக முதல் முதலா வீட்டுக்குள்ள வர்றா. மாமியார் ஆரத்தித் தட்டோட நின்னு, 'வலது காலை எடுத்து வச்சு வாம்மா'ன்னு அன்பா சொல்றா. அந்தப் பொண்ணு என்ன செஞ்சா தெரியுமா?"

"என்ன செஞ்சா?"

"சிரிச்சுக்கிட்டே இடது காலை எடுத்து வச்சா!"

முயலுக்குத் தலை சுற்றியது. காட்டுப்பன்றிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"வேணும்னே செய்யறா! குடியைக் கெடுக்க வந்தவ! இப்ப வர்ற எல்லாப் படத்துலயும் இதான் கதை. பீச்சாங்கை, பீச்சாங்கால்காரங்க உள்ள நுழைஞ்சா அந்த இடம் உருப்படாது. நான் எவ்வளவு படம் பார்த்திருக்கேன்!"

"அப்புறம் என்ன ஆச்சு அந்த வீட்டுக்கு?"

"மழை வந்துருச்சு. படத்தை நிறுத்திட்டாங்க. அதனால என்ன? நடக்கப் போறது எனக்குத் தெரியாதா?"

அந்தப் பேச்சு அன்று பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கப் பரவியது.

குளத்தோரம் பட்டுப்போன மருத மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் பவளி என்ற கிளி குடியிருந்தது. பாவம், அது புதிதாக வந்த கிளி. அது முன்பு இருந்த மரத்தை யாரோ வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். இங்கே வந்துதான் முட்டையிட்டு, ஒரு ஜோடிக் குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் பவளி ஒரு கொய்யாப்பழத்தை இடது காலால் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. கிளிகள் பெரும்பாலும் அப்படித்தான் தின்னும். காட்டுப்பன்றி தற்செயலாக நிமிர்ந்து பார்த்தது. அதற்குத் தூக்கிவாரிப் போட்டது!

"ஐயையோ! ஓடி வாங்க! தொங்கட்டான் அண்ணன் சொன்ன மருமக இங்கேயே வந்துட்டா!"

விலங்குகள் திமுதிமுவென்று கூடின.

"இவ வந்த பிறகுதான் குளத்துல தண்ணி குறைஞ்சுது!" என்றது முயல்.

"கோடையில தண்ணி குறையாம ஏறுமா?" என்றது பவளி.

"பார்த்தீங்களா, எதிர்த்துப் பேசுறா! தொடர்லயும் இப்படித்தான் பேசுவா!" என்றது முயல். அது தொடரைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை!

காட்டுப்பன்றி மரத்தடியில் காலை ஊன்றி நின்றது. "நாளைக்குப் பொழுது விடியறப்ப பொந்து காலியா இருக்கணும். இல்லேன்னா மரத்தையே முட்டித் தள்ளிடுவேன்."

பவளி பொந்து வாசலை மறித்து நின்றது. "ஐயா, குஞ்சுகளால பறக்க முடியாது. அதுகளைத் தூக்கிட்டுப் போக எனக்குக் கை இல்லை. இறகு முளைக்கிற வரைக்கும் பொறுங்க. நானே போயிடறேன்." பிறகு அது கூட்டத்தில் நின்ற தொங்கட்டானைப் பார்த்தது. "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

எல்லாரும் தொங்கட்டானைப் பார்த்தார்கள். அதற்கு உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இத்தனை பேர் தன் பேச்சைக் கேட்கிறார்களே என்ற பெருமையும் இருந்தது. பெருமைதான் ஜெயித்தது.

"படத்துல பார்த்ததைத்தான் நான் சொன்னேன். மத்தது உங்க இஷ்டம்" என்று வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

அன்று இருட்டியதும் வழக்கம்போலப் புளியமரத்தில் ஏறியது. ஏறிப் பார்த்தால் கீழே ஒரே கூட்டம்! போன வாரம் கொட்டிய கோடை மழையில் பள்ளமான ஊர்ப் பக்கம் இன்னும் சேறாகிக் கிடந்தது. அதனால் ஜனங்கள் இந்தப் பக்கம் வந்து, புளியமரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். புரொஜெக்டரும் இந்தப் பக்கம் வந்திருந்தது. போன வாரம் பாதியில் நின்ற தொடரை முதலிலிருந்தே விடிய விடியப் போட்டார்கள்.

அதே வீடு. அதே வாசல். அதே மாமியார். "வலது காலை எடுத்து வச்சு வாம்மா!"

மருமகள் சிரித்துக்கொண்டே வலது காலை எடுத்து வைத்தாள்.

தொங்கட்டானின் வாயிலிருந்த புளியம்பழம் நழுவிக் கீழே விழுந்தது. "என்னடா இது! ஒரு வாரத்துல திருந்திட்டாளா?"

மாமியார் வலது கையால் திருநீறு பூசினாள். மாமனார் வலது கையால் சோறு தின்றார். வீட்டு வேலைக்காரர் வலது கையால் கதவைத் திறந்தார்.

"குடும்பமே திருந்திடுச்சா?"

அதற்கு ஏதோ பொறி தட்டியது. மரத்திலிருந்து குதித்து, துணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது. பார்த்தால் எல்லாரும் இடது கை! திரும்ப இந்தப் பக்கம் ஓடி வந்தது. எல்லாரும் வலது கை! அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று பேய் பிடித்த மாதிரி ஓடியது. கடைசியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது.

"அட முட்டாளே! நான் பின்பக்கம் உட்கார்ந்துல்ல பார்த்திருக்கேன்!"

போலீஸ்காரன் சரியாகத்தான் சல்யூட் அடித்திருக்கிறான். காதலன் நிஜமாகத்தான் காதலித்திருக்கிறான். எத்தனை படத்தைக் கரித்துக் கொட்டியிருக்கிறது!

வாழ்க்கையில் முதல் தடவையாக அது கண்ணை மூடாமல் கடைசி வரை பார்த்தது. வீட்டில் தீப்பிடித்தது. மகன்கள் வெளியே ஓடினார்கள். எரிகிற வீட்டுக்குள் புகுந்து மாமியாரைத் தூக்கி வந்தவள் அந்த மருமகள்தான்! தொங்கட்டானுக்கு அழுகை வந்தது. அப்போதுதான் பவளியின் நினைவு வந்தது.

விழுந்தடித்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது. குளக்கரைக்கு வருவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. காட்டுப்பன்றி மருத மரத்தை முட்டத் தொடங்கியிருந்தது. பவளி மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டு பறந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! நான் சொன்னது தப்பு!" என்று அலறியது தொங்கட்டான். "நான் துணிக்குப் பின்னால உட்கார்ந்து பார்த்திருக்கேன்! எல்லாமே தலைகீழ்! அந்த மருமக நல்லவ! தங்கமானவ!"

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மருமகளைத் திட்டித் திட்டி அவற்றுக்கு நாக்கு ருசி கண்டுவிட்டது.

"போங்கண்ணே!" என்றது முயல். "அவ கெட்டவங்கறதுதான் நல்லா இருக்கு. இப்ப வந்து கதையை மாத்தாதீங்க!"

"கதை இல்லடி! நிஜம்!"

"கிளி உங்களுக்குக் கொய்யாப்பழம் குடுத்து வாயை அடைச்சுட்டாளா?" என்றது காட்டுப்பன்றி.

தொங்கட்டான் திகைத்துப்போய் நின்றது. நேற்று வரை அது என்ன உளறினாலும் நம்பினார்கள். இன்று உண்மையைச் சொன்னால் ஒருவர் கூட நம்பவில்லை!

காட்டுப்பன்றி இன்னொரு முட்டு முட்டியது. பட்ட மரம் 'மளுக்' என்றது. பொந்துக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன.

இனிப் பேசிப் பயனில்லை. தொங்கட்டான் பக்கத்து நாவல் மரத்துக்குத் தாவியது. வலது கையால் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையைப் பொந்துக்குள் விட்டது. ஒரு குஞ்சு அகப்பட்டது. இன்னொன்றும் அகப்பட்டது. இரண்டையும் வெளியே எடுத்ததுதான் தாமதம், மருத மரம் வேரோடு சாய்ந்து குளத்தில் விழுந்தது. தண்ணீர் கரைக்கு மேல் அடித்தது.

தொங்கட்டான் வலது கையால் கிளையில் தொங்கியது. இடது கையில் குஞ்சுகள் பத்திரமாக இருந்தன.

பவளி ஓவென்று அழுதுகொண்டு பறந்து வந்தது. "அண்ணே! என் பிள்ளைங்களைக் காப்பாத்திட்டீங்கண்ணே!"

கீழேயிருந்து முயல் மேலே கையைக் காட்டிக் கூவியது.

"ஐயையோ! பாருங்க, பாருங்க! குஞ்சுகளை எந்தக் கையில வச்சிருக்கான் பாருங்க! இவனும் பீச்சாங்கைக்காரன்!"

"அடப்பாவி! இத்தனை நாளா நம்ம கூடவே இருந்திருக்கானே!" என்றது காட்டுப்பன்றி.

"ரெண்டு பேரும் கூட்டு!"

"விரட்டுங்க!"

சேற்றை வாரி வீசினார்கள். தொங்கட்டான் குஞ்சுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியது. பவளி அதன் தலைக்கு மேலேயே பறந்து வந்தது. ஊரோரப் புளியமரத்துக்கு வந்துதான் மூச்சுவிட்டார்கள். அங்கே ஒரு பொந்து இருந்தது. அதில் குஞ்சுகளை வைத்துவிட்டுத் தொங்கட்டான் தலையைக் குனிந்து உட்கார்ந்தது.

பவளிக்கு நன்றியும் இருந்தது, கோபமும் இருந்தது. "ஏண்ணே, இறங்கி அந்தப் பக்கம் போய்ப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று கேட்டது.

தொங்கட்டான் கைக்கு எட்டிய புளியம்பழம் ஒன்றைப் பறித்துத் தூர எறிந்தது.

அதே நேரம் குளக்கரையில், ஒன்றும் தெரியாமல் தண்ணீர் குடிக்க வந்த ஒரு மானிடம் முயல் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. "மரம் சாயறப்ப பயத்துல கண்ணை மூடிக்கிட்டேன், பாதிதான் பார்த்தேன். ஆனா நடந்தது அத்தனையும் எனக்குத் தெரியும். கேளு, அந்தக் குரங்குதான் மரத்தையே தள்ளிவிட்டுச்சு!"

"ஐயையோ!" என்றது மான்.

அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பரப்பிய பேச்சை, பிறகு முழுதாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாலும் திரும்பப் பெற முடியாது.