கழுதை சொன்ன குறிப்பு

ஒரு காலத்தில் தேனாற்று நாட்டை மாறங்கோ என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையாவது பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டார். ஒரு வருஷம் மல்யுத்தம், ஒரு வருஷம் மாம்பழம் என்று போய், கடைசியில் செய்யுள் பைத்தியம் வந்து சேர்ந்தது.

பைத்தியத்தை ஏற்றிவிட்டவர் ஆஸ்தானப் புலவர் வில்வநாதர். உவமை, உருவகம் என்று ஒவ்வொரு அணியாகச் சொல்லிக்கொடுத்தார். ராஜாவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது தற்குறிப்பேற்ற அணி. காற்றில் கொடி அசைந்தால், "தங்களை வருக வருக என்று அழைக்கிறது, அரசே" என்பார் புலவர். மயில் ஆடினால், "தங்கள் அழகைக் கண்டு ஆடுகிறது" என்பார். ராஜா அத்தனையையும் நம்பிவிட்டார். மயிலுக்குத் தினமும் முந்திரிப்பருப்பு போடச் சொல்லி உத்தரவும் போட்டார்.

அமைச்சர் சாத்தையனார் இதையெல்லாம் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முந்திரிப்பருப்போடு போகட்டுமே என்ற எண்ணம். ஆனால் புலவருக்கு அமைச்சரைக் கண்டாலே ஆகாது. பாட்டுக்கு நம்மைக் கூப்பிடுகிற ராஜா, நாட்டு விஷயத்துக்கு மட்டும் அந்த ஆளைத்தானே கூப்பிடுகிறார் என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் ராஜா தானே எழுதிய பாட்டைச் சபையில் பாட ஆரம்பித்தார். முதல் அடியை இழுத்து முடித்ததுதான் தாமதம், மதிலுக்கு வெளியே ஒரு கழுதை கத்தியது. அதுவும் ராஜா விட்ட அதே சுருதியில். சபையே உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தது.

ராஜா முகம் சிவந்து, "புலவரே, அது என்ன சொல்கிறது?" என்றார்.

வில்வநாதர் எழுந்தார். "சொல்லவே கூசுகிறது, அரசே. 'இந்த நாட்டில் இப்படிப் பாட நான் ஒருத்தன்தான் என்று இருந்தேனே, போட்டிக்கு ஆள் வந்துவிட்டதே' என்று அழுகிறது. உப்பு விற்கும் மருதாயியின் கழுதை அது. மதிலோரம் கட்டிக்கொள்ள அனுமதி தந்தவர் நம் அமைச்சர்."

"கழுதையின் தலையைச் சீவுங்கள். அவளை நாடு கடத்துங்கள். அமைச்சர் நாளை முதல் சபைக்கு வர வேண்டாம்" என்று கத்தினார் ராஜா.

சாத்தையனார் மருதாயியைத்தான் நினைத்தார். பதவி போனால் போகிறது. அந்தக் கழுதை இல்லாவிட்டால் மருதாயி வீட்டில் அடுப்பு எரியாது. நேராக வாதாடினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார் என்பதும் அவருக்குத் தெரியும்.

"தண்டனை சரிதான், அரசே. ஆனால் விசாரிக்காமல் தண்டிப்பது நம் வழக்கமில்லையே. கழுதையை அழைத்து விசாரித்துவிடுவோம்" என்றார்.

கழுதை வந்தது. மருதாயியும் கயிற்றை இறுகப் பிடித்தபடி கூடவே வந்தாள்.

அமைச்சர் வாயிற்காவலனைக் கேட்டார், "உன் காதில் என்ன விழுந்தது?"

"கழுதை கத்துச்சுங்க."

"நீ சொல், மருதாயி."

"தண்ணி காட்டுற நேரம் சாமி. தாகம் எடுத்தா கத்தும். மகாராசா பாடுறது அதுக்கு என்ன தெரியும்?"

"புலவரே, உங்களுக்கு?"

வில்வநாதர் போட்டி, அழுகை எல்லாவற்றையும் முன்னைவிட ராகம் போட்டுச் சொன்னார். "இன்னொரு தடவை சொல்லுங்கள், சபையில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை" என்றார் அமைச்சர். புலவர் இன்னும் உரக்கச் சொன்னார். ராஜாவின் மீசை துடித்தது.

"ஒரே ஒரு சந்தேகம், புலவரே. தற்குறிப்பேற்றம் என்றால் என்ன?"

இது தெரியாதவரெல்லாம் அமைச்சரா என்று புலவருக்கு ஒரே பூரிப்பு. "தானாக நடக்கிற ஒன்றின் மேல் புலவன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது" என்றார்.

"யாருடைய கருத்தை?"

"புலவனுடைய..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அரசே, கழுதை தாகத்துக்குக் கத்தியது. தங்கள் பாட்டைப் பற்றிய அந்தக் கருத்து யாருடையது என்று புலவரே சொல்லிவிட்டார்" என்றார் சாத்தையனார்.

ராஜா சின்னக் குரலில், "அப்படியானால் அந்த மயில்?" என்றார்.

"மழை வரப்போகிறதென்று ஆடியிருக்கும், அரசே."

"கொடி?"

"காற்று."

சாத்தையனாருக்கே பாவமாகிவிட்டது. ஆனால் ராஜா கொஞ்சநேரத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அரண்மனைக்கு இனி மருதாயியிடமே உப்பு வாங்க வேண்டும் என்றார். தன் கழுத்து மாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். பிறகு புலவரைப் பார்த்து, "பாவம், தாகத்தோடு நிற்கிறது. நீரே குளத்துக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டிவாரும்" என்றார்.

வில்வநாதர் சரிகைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். வாசற்படி தாண்டும்போது கழுதை தலையைத் தூக்கி ஒரு முழு மூச்சு கத்தியது.

"புலவரே, இப்போது என்ன சொல்கிறது?" என்று ராஜா சிம்மாசனத்திலிருந்தே கேட்டார்.

"கழுதை கத்துகிறது, அரசே."

"அதற்கு என்ன அணி?"

உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் ஓர் அணி உண்டு. புலவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இயல்பு நவிற்சி, அரசே."