பலகையும் டஸ்டரும்

தாணுமாலயனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்குக் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்த மும்தாஜுக்கு இருபத்தெட்டு. நாகர்கோவிலில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் அலுவலகத்தில் இருவருக்கும் வேலை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கற்றுக்கொள்ளத் தாணுமாலயன் வெட்கப்பட்டதே இல்லை. தப்பை ஒத்துக்கொள்ளத்தான் அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அன்று மதியம் அவர் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். நாலு மணிக்கு அவர் எழுதிய நிரலிலிருந்து நாளைய நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். முந்தாநாள் பத்துப் பேருக்குப் போகவில்லை. ஒன்பது பேர் வழக்கமான நாள் என்பதால் தாமாகவே வந்துவிட்டார்கள். ஞானமுத்துவுக்கு மட்டும் நாள் மாறியிருந்தது. அது தெரியாமல் மனுஷன் வீட்டிலேயே இருந்துவிட்டார். இன்று காலை கால் வீங்கி, மூச்சு முட்ட, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

“டீச்சர், எங்க தப்பு விட்டேன்னு சொல்லுங்க. மணி மூணாவுது.”

மும்தாஜ் திரையைப் பார்த்தார். பெயர்ப் பட்டியல் ஒரு கோப்பில் இருந்தது. மெஷின் ஒதுக்கும் கோப்பும், செய்தி அனுப்பும் கோப்பும் அதே பட்டியலை அங்கிருந்து வாங்கிக்கொண்டன. மையத்தில் பத்து மெஷின். ஒரே ஆளுக்கு இரண்டு மெஷின் போய்விடக் கூடாதே என்று, ஒதுக்க ஒதுக்கப் பெயரை நீக்கிக்கொண்டே போயிருந்தார் தாணுமாலயன்.

“பேரை ஏன் நீக்குனிய, அண்ணாச்சி?”

“மெஷின் கோப்புக்குள்ள வந்ததைத்தானே நீக்குனேன்? மத்த கோப்புக்கும் இதுக்கும் என்ன?”

மும்தாஜ் எழுந்து வராந்தாவுக்குப் போனார். தாணுமாலயன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். அங்கே சுவரில் வெள்ளைப் பலகை. மாலை முறைக்கு வந்தவர்களின் பெயர்களை ஸ்டெல்லா சிஸ்டர் எழுதி வைத்திருந்தார்.

“முதல் பேரை அழிங்க.”

“எதுக்கு?”

“அழிங்க அண்ணாச்சி.”

டஸ்டரை எடுத்து அழித்தார். பெஞ்சிலிருந்து ஒரு பெண் பதறி எழுந்து வந்தாள்.

“ஐயா, எங்க வீட்டுக்காரரு பேரைக் காணோம்! இன்னைக்கு அவியளுக்குக் கிடையாதா?”

“இருக்கும்மா, இருக்கு. கை தெரியாம பட்டுட்டு.” தாணுமாலயன் அவசர அவசரமாக அந்தப் பெயரைத் திரும்ப எழுதினார்.

அவள் போய் உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டார். “ஒரு இடத்துல அழிச்சா எல்லாருக்கும்லா அழிஞ்சிருது. அப்ப ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியா ஒரு பட்டியல் போட்டிரட்டா?”

“போன மாசம் அப்படித்தான வச்சிருந்திய?”

போன மாதம் நாலு கோப்பில் நாலு பட்டியல். மூன்றைத் திருத்திவிட்டு நாலாவதை மறந்துபோனவர் தாணுமாலயன்தான்.

“நகல் எடுத்தாலும் தப்பு, ஒண்ணா வச்சாலும் தப்பு. பின்ன என்னதான் செய்ய?”

மும்தாஜ் அவர் கையிலிருந்த டஸ்டரை வாங்கினார். அந்தப் பக்கமாக வந்த ஸ்டெல்லா சிஸ்டரிடம் கொடுத்தார்.

“பலகையை யாரு வேணும்னாலும் பாக்கட்டும். அழிக்கணும்னா சிஸ்டர்கிட்ட கேளுங்க.”

தாணுமாலயன் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். பட்டியலை அதன் கோப்புக்குள்ளேயே பூட்டினார். யார் கேட்டாலும் அந்தக் கோப்பு பெயர்களைச் சொல்லும், பட்டியலைத் தொட விடாது. மற்றக் கோப்புகளுக்கு அந்தக் கேட்கும் வழியை மட்டும் கொடுத்தார். செய்தி அனுப்பும் கோப்பை ஓட்டிப் பார்த்தார். அத்தனை பெயரும் வந்தன. அப்பாடா என்று இருந்தது.

மெஷின் ஒதுக்கும் கோப்பை ஓட்டினார். பழைய வரி பெயரை நீக்கப் போய், திரையில் சிவப்பாக ஒரு மறுப்பு வந்து நின்றது. மணி மூன்று ஐம்பது.

“பாத்தியளா டீச்சர்! எழுதினவன் நான். என் பட்டியலைத் தொட என்னையே விடமாட்டேங்குது. எனக்கு மட்டும் இந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்திரட்டுமா?”

மும்தாஜ் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

“மூணாவது கட்டில்ல ஞானமுத்து படுத்திருக்காவ. அவியகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தளர்த்துங்க, அண்ணாச்சி.”