கொடி இல்லாத கம்பம்

ஆற்றங்கரை மடத்துச் சாமியின் பெயர் மௌனசாமி. பேச ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். அவருடைய குரு ஏதோ ஒரு நம்பிக்கையில் வைத்த பெயர் அது.

சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. சாமி அவரை அண்ணாச்சி என்பார். அவர் இவரைச் சாமி என்பார். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் குழம்புவார்கள்.

தேர்தல் காலம். ஓட்டுப் போட இன்னும் ஆறு நாள். ஊரில் இரண்டு கட்சி. ஒன்றுக்கு அண்டா சின்னம், மற்றதற்குச் சீப்பு. மைக் கட்டிய ஆட்டோக்கள் கரையோரம் ஓடிய ஓட்டத்தில் ஆற்று மீன்களுக்கே இரண்டு வேட்பாளர் பெயரும் மனப்பாடம் ஆகியிருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்குச் சாமி ஒரு கருங்கல் பலகையில் காவி வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தார். அக்கரைக்குப் பாலம் கட்ட அண்டாக் கட்சி நாட்டிய அடிக்கல் அது. அதே பாலத்துக்குச் சீப்புக் கட்சி நாட்டிய கல் பக்கத்தில் கிடந்தது. பாலம் மட்டும் வரவில்லை. சித்திரையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே அக்கரைக்குப் போகலாம். ஐப்பசியில் போனால் திரும்பி வருவது ஆற்றின் இஷ்டம்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். கரை இல்லாத வேட்டி. எந்த நிறத்தில் கரை இருந்தாலும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்த்துவிடுகிறார்கள் என்று, இருந்த ஆறு வேட்டியிலும் கரையைக் கிழித்து எறிந்துவிட்டார். அதிலிருந்து இறக்கிக் கட்டினாலும் வேட்டி கணுக்காலை எட்டுவதில்லை.

"அக்கரைக்கா அண்ணாச்சி?"

"ஆமா சாமி, பிரஸ்ஸுக்கு. அஞ்சு மணிக்கு மிஷின்ல ஏத்திருவான். அதுக்குள்ள போய் நிறுத்தணும்."

"எதை?"

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர் மகள் செண்பகவல்லியின் கல்யாணப் பத்திரிகை. அச்சடிக்கும் முன் பிழை பார்க்கக் கொடுத்த பிரதி.

சாமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். மணமக்கள் பெயர் அடியில் எங்கேயோ பொடி எழுத்தில் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'தலைமை' என்று போட்டு அண்டாக் கட்சி மாவட்டச் செயலாளர் பெயர். பக்கத்தில் அவர் கும்பிடுகிற படம்.

"இவர்தான் மாப்பிள்ளையா? கொஞ்சம் வயசு கூட இருக்கும் போலிருக்கே."

"விளையாடாதீங்க சாமி. எல்லாம் நல்லபெருமாள் பண்ணின வேலை."

நல்லபெருமாள் மாப்பிள்ளையின் அப்பா. பஸ் டிரைவராக இருந்தவர். அதே பஸ் ஸ்டாண்டில் ஆவுடையப்பன் டைம் கீப்பர். முப்பது வருஷம் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள்.

"ரிட்டயர் ஆகி வார்டு செயலாளர் ஆனான். அன்னைக்குப் பிடிச்சுது சனி. படத்தை எடுடான்னேன். எடுத்தா கட்சியில என் மூஞ்சியில எவனும் முழிக்க மாட்டான்ங்கான். அப்ப இந்தக் கல்யாணமே வேண்டாம்னேன். சரின்னுட்டான்."

"எங்க வச்சு?"

"டீக்கடையில. நாலு பேர் முன்னால."

"டீயைக் குடிச்சாரா?"

"குடிக்காமப் போயிட்டான்."

"அப்ப நிசக் கோபம்தான்" என்றார் சாமி. வேட்டியைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் சோப்புத் தேய்த்தார்.

ஆவுடையப்பன் மற்றக் கட்சியின் அடிக்கல்மேல் உட்கார்ந்தார்.

"நான் எந்தக் கட்சியும் இல்லை சாமி. ரெண்டுக்கும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன். இவன் வந்தா அவன் போட்ட ரோட்டைத் தோண்டுதான். அவன் வந்தா இவன் தோண்டின குழிக்குத் திறப்பு விழா நடத்துதான். போன தடவை சீப்புக்கு நின்னவன் இந்தத் தடவை அண்டாவுக்கு நிக்கான். தலையில ஒத்தை முடி கிடையாது. வீடு வீடா வந்து சீப்பைக் காட்டினான். நாமளும் போட்டோம். இவனுகளுக்காக அண்ணன் தம்பி மண்டையை உடைச்சுக்கிடுதான். எனக்கு வயிறு எரியுது."

"எரியத்தான் செய்யும்."

"இந்தக் கல்யாணத்துல அண்டாவே கூடாதுன்னு சமையல்காரன்கிட்டச் சொல்லிட்டேன்."

"சாம்பார்?"

"எட்டுத் தவலையில வைக்கச் சொன்னேன்."

"பொண்ணுக்குத் தலை சீவ?"

ஆவுடையப்பன் அதை யோசிக்கவில்லை.

"நல்லபெருமாள் முன்னால எப்படி?" என்று கேட்டார் சாமி.

"தங்கம் சாமி. செண்பகம் பிறந்தப்ப எனக்கு ராத்திரி டூட்டி. வீட்டுக்காரிக்கு வலி எடுத்திருச்சு. இவன் வண்டி நிறைய ஆளோட வந்தவன், விஷயம் தெரிஞ்சு வண்டியை நேரா எங்க தெருவுக்குள்ள விட்டான். அவளை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிறுத்தினான். அன்னைக்கு வண்டி நாப்பது நிமிஷம் லேட். நான் நோட்டுல 'சரியான நேரம்'னு எழுதினேன். முப்பத்தி ஒரு வருஷ சர்வீஸ்ல நான் எழுதின ஒரே பொய் அதுதான்."

சாமி தண்ணீரை அள்ளி வேட்டியில் ஊற்றினார்.

"செண்பகம் என்ன சொல்லுது?"

கரைமேல் சீப்புக் கட்சி ஆட்டோ ஒன்று முழங்கிக்கொண்டு போனது. ஆவுடையப்பன் அது போய் மறையும்வரை காத்திருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணு இருபத்தி ரெண்டு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சாமி, நான் போறேன். கட்சிப் பைத்தியம் பிடிச்சவனுக நடுவுல ஒரு மனுஷன் எப்படி இருக்கது?"

"வடக்க ஒரு ஊர் இருக்கு" என்று ஆரம்பித்தார் சாமி. "பேரைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. அங்கேயும் ரெண்டு கட்சிதான். முச்சந்தியில ஒரு கட்சி இருபதடிக் கம்பம் நட்டுக் கொடி ஏத்தினான். மறுநாள் அடுத்தவன் பக்கத்துல முப்பதடி நட்டான். முதலாமவன் விடுவானா? பழைய கம்பத்துமேல இன்னொரு குழாயை வெல்டிங் வச்சு அம்பதடி ஆக்கினான்."

"எல்லா ஊர்லயும் நடக்கதுதானே."

"இங்க நிப்பாட்டிருவாங்க. அங்க நிப்பாட்டலை. நூறடி. முந்நூறடி. ஊர் வெல்டர் காலையில ஏறினா இறங்க மறுநாள் ஆயிரும். சோத்தைக் கட்டிக்கிட்டு மேலேயே படுத்துக்கிடுவான். ஒரு நாள் கம்பம் மேகத்துக்குள்ள போயிட்டு. பருந்து அதுக்குக் கீழதான் பறக்கும். ஏரோப்பிளேன்காரன் வந்து கையெடுத்துக் கும்பிட்டான், கொஞ்சம் வழி விடுங்கய்யான்னு."

"சாமி..."

"என்னத்துக்குச் சிரிக்கீங்க? நான் பார்த்ததைச் சொல்லுதேன். இப்ப அந்த ஊர்ல கொடி ஒருத்தன் கண்ணுக்கும் தெரியலை. குழாய்தான் தெரியும். ரெண்டு குழாயும் ஒரே கடையில வாங்கினது. ஆனாலும் அடியில நின்னு அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவாங்க. எங்க கொடி எப்படிப் பறக்குது பாருன்னு சொல்லுவாங்க. இல்லைன்னு எவனாவது சொன்னா அடி விழும்."

"முட்டாப் பயலுக."

"அதே ஊர்ல ஒரு மனுஷர் இருந்தார். நியாயஸ்தர். ஒருத்தன்கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடிக்காதவர். அவருக்கு இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சுது. ஒரு நாள் முச்சந்திக்கு வந்தார். மூணாவதா ஒரு கம்பம் நட்டார். அதுல கொடி கிடையாது."

ஆவுடையப்பன் கல்லின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "அப்படிப் போடுங்க! ஆம்பளை!"

"ஊரே கூடிட்டு. என்னய்யா வெறுங்கம்பம்னு கேட்டாங்க. நான் எவன் கட்சியும் இல்லை, அதுதான் வெறுங்கம்பம்னார். அந்த ரெண்டு கம்பத்தையும் விட ஒரு முழம் உசரமா இருக்கணும்னு மட்டும் வெல்டர்கிட்டச் சொல்லிட்டார்."

"அது எதுக்கு?"

"எனக்கும் புரியலை. அவர்கிட்டக் கேட்கணும்."

ஆவுடையப்பன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"அவர் மேல ஏறினார். மூணு நாள் ஏறினார். மேகத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தா, ரெண்டு கம்பத்துலயும் கொடியே இல்லை. எந்தக் காத்துலயோ எப்பவோ பிய்ச்சுக்கிட்டுப் போயிட்டு. ஊரே அஞ்சு வருஷமா வெறுங்குழாயைக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு."

"நான் சொல்லலை? அதையேதான் நானும் கத்திக்கிட்டு இருக்கேன்!"

"அவரும் கத்தினார். கொடி இல்லையடா முட்டாள்களா, வீட்டுக்குப் போங்கடான்னு தொண்டை கிழியக் கத்தினார். அவர் சொன்னது அத்தனையும் நிசம் அண்ணாச்சி. ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனா அவ்வளவு உசரத்துலருந்து என்ன கேட்கும்? கீழ உள்ளவன் கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சுது. அவர் வேட்டி காத்துல படபடன்னு அடிக்குது. ஓகோ, மூணாவது கட்சி வந்துட்டு, வெள்ளைக் கொடின்னு சொன்னாங்க. ஒரு மாசத்துல நாப்பது பேர் அந்தக் கம்பத்தடியில சேர்ந்துட்டான். கரை இல்லாத வேட்டி கட்டிக்கிட்டான். மத்த ரெண்டு கட்சிக்காரன் வீட்டு விசேஷத்துக்குப் போறதை நிறுத்திக்கிட்டான்."

ஆவுடையப்பன் தன் வேட்டியைப் பார்த்தார். பார்க்காதது போல ஆற்றைப் பார்த்தார்.

"நிசத்தைச் சொல்லதுக்கு ஏறினது தப்பா சாமி?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ஏறினதுல என்ன தப்பு? யாராவது ஏறிப் பார்க்கத்தான் வேணும். சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கியிருக்கலாம்."

"இறங்கவே இல்லையா?"

"இறங்கணும்னா கீழ பார்க்கணுமே. அவர் பக்கத்துக் கம்பம் ரெண்டையுமே பார்த்துக்கிட்டு இருந்தார். தேர்தல் வந்துது, போச்சு. எவனோ ஜெயிச்சான். அவர் மேலேயே இருந்தார்."

"வீட்டுல யாரும் தேடலையா?"

"தேடாம? ஒரு மக இருந்தா. ஒரே பொண்ணு. தினம் மத்தியானம் கம்பத்தடிக்கு வருவா. மூணு கட்சிக்காரனும் அவளைப் போன்னு விரட்டுவான். அவ போக மாட்டா. வாய்ல ரெண்டு கையையும் குவிச்சு வச்சுக்கிட்டு மேல பார்த்து என்னமோ சொல்லுவா. அவர் மேலருந்து ஓரக்கண்ணால பார்ப்பார். நம்ம மக நமக்குக் கை தட்டுதுன்னு நினைச்சுக்கிடுவார். ரொம்பச் சந்தோஷப்படுவார்."

சாமி கதையை அங்கேயே விட்டுவிட்டு வேட்டியைத் தூக்கி இரண்டு முறை கல்லில் அடித்தார். பிறகு அலச ஆரம்பித்தார். மேற்கொண்டு சொல்வார் என்று ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமி அலசிக்கொண்டே இருந்தார்.

ஆவுடையப்பன் எழுந்தார். சாமி திருப்பித் தந்திருந்த பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தார். ஆற்றில் ஒரு காலை வைத்தார். அக்கரையில் பிரஸ்ஸின் தகரக் கூரை வெயிலில் மின்னியது. இப்போது நடந்தால் நாலரைக்குப் போய்விடலாம்.

மற்றக் காலை வைக்கவில்லை.

"நான் இப்பப் போகலைன்னா, அந்த ஆள் படத்தோடயே எல்லாப் பத்திரிகையும் அடிச்சிருவான் சாமி."

"அடிச்சிருவான்."

"ஊர் முழுக்க அந்த மூஞ்சிதான் போகும்."

"போகும். கும்பிடுத மூஞ்சிதானே."

ஆவுடையப்பன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரைமேல் அண்டாக் கட்சி ஆட்டோ வந்தது, போனது. இந்த முறை அவர் தலையைத் தூக்கவில்லை.

"சாமி."

"ம்."

"கம்பத்தடியில நின்னாளே அந்தப் பொண்ணு. அவ என்ன சொன்னா?"

சாமி வேட்டியின் ஒரு முனையை ஆவுடையப்பன் கையில் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்தார். இரண்டு பேரும் முறுக்கினார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு கல்லும் நனைந்தன.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? உங்க வீட்டுப் பக்கம் நான் வந்தே ஒரு மாசம் ஆச்சு."

ஆவுடையப்பன் முனையைச் சாமி கையில் கொடுத்தார். ஆற்றில் வைத்த காலை எடுத்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். அது கணுக்காலுக்கு மேலேயே நின்றது. கடிகாரத்தைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.