கட்டிய பை

“கோபால்ட்டு நிக்கலைவிடக் கனம். கனமானது பின்னாலதான வரணும்? ஏன் தனிம அட்டவணையில முன்னால நிக்குது?” என்று கேட்டாள் காசியம்மாள்.

அவள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் அட்டெண்டர். வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருடமாகத் தராசு பிடித்த கை.

அங்கே பாடம் எடுக்கும் ஜெனிட்டா மேடம் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“வரிசை அணு எண்படி. அணு எண்ணுன்னா என்னக்கா?”

“புரோட்டான்களின் எண்ணிக்கை. கோபால்ட்டுக்கு இருபத்தேழு. நிக்கலுக்கு இருபத்தெட்டு. மனப்பாடமாத் தெரியும்.”

“பிறகென்ன?”

“பரீட்சையில உட்காந்தா கை தராசுப் பக்கமாத்தான் போவுது. போன தடவை நிக்கலைத்தான் முன்னால எழுதினேன். ரெண்டு மார்க்கு கேள்வி. ரெண்டே மார்க்குலதான் ஃபெயில்.”

மேடம் அடுத்த தாளைப் புரட்டினார்.

“இது மூணாவது தடவை மேடம். பிளஸ் டூ பாஸ் பண்ணினாத்தான் லேப் அசிஸ்டென்ட். அடுத்த வருஷம் வயசு தாண்டிரும். சொல்லித் தராம விடமாட்டேன்.”

மேடம் பேனாவை மூடினார்.

மறுநாள் காலை மேசையில் இரண்டு துணிப்பைகள் இருந்தன. வாய் நூலால் கட்டியிருந்தது.

“உள்ளே கண்ணாடி மணி. எல்லாம் ஒரே கனம். சிவப்பு புரோட்டான், வெள்ளை நியூட்ரான். ஒரு பை கோபால்ட், ஒண்ணு நிக்கல். எது எது?”

காசியம்மாள் இரண்டையும் தராசில் வைத்தாள்.

“இது கனம். இதான் கோபால்ட்டு.”

“சரி.”

அவள் சிரித்தாள். “சொன்னேன்லா?”

அடுத்த நாளும் இரண்டு பைகள். அவள் எடை போட்டாள். கனமானதைத் தொட்டாள்.

“தப்பு.”

“நேத்து சரின்னீங்க!”

“நேத்து சரி.”

மூன்றாம் நாள் தராசை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். எடைக்கற்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகு போட்டாள்.

“தப்பு.”

“எதையோ மாத்துதீங்க.”

“ஆமா.”

“மாத்துனா எப்படி மேடம் கண்டுபிடிக்க? ஃபெயில் ஆக்கணும்னே இருக்கீங்களா?”

“பரீட்சை எப்போ?”

“அடுத்த வாரம் வியாழக்கிழமை.”

“அப்போ நாள் இருக்கு.”

நான்காம் நாள் அவள் கனமான பையைச் சொல்லவில்லை. லேசானதைச் சொன்னாள்.

“தப்பு.”

அன்று அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பைகளைப் பார்த்தபடி நின்றாள். ஒன்றை எடுத்து உருட்டினாள். மணிகள் உள்ளே கிலுகிலுத்தன. நூல் முடிச்சைத் தடவிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா?”

“கட்டுன பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாதுல்லா. ஸ்டோர்ல அதான முறை. வெளியவே எடை பாத்து வாங்கி வைக்கணும். கையெழுத்து இல்லாம நான் ஒரு பொட்டலமும் பிரிச்சதில்லை.”

“நான் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னேனா?”

காசியம்மாள் அவரையே பார்த்தாள்.

“நாலு நாளா இதைச் சொல்லாம இருந்தீங்களா?”

“நாலு நாளா நீங்க கேக்கவே இல்லையே.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மணிகளை வெள்ளைத் தட்டில் கொட்டினாள். சிவப்பை ஒருபுறம், வெள்ளையை ஒருபுறம் ஒதுக்கினாள். விரல் வைத்து எண்ணினாள். இன்னொரு பையையும் அறுத்தாள்.

சிவப்பு, ஒன்றில் இருபத்தேழு. மற்றதில் இருபத்தெட்டு.

மறுநாளும் எண்ணினாள். வெள்ளை மாறியிருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே இருந்தது.

 

புதன்கிழமை இரண்டு பைகள் வந்தன. ஒன்று உப்பியிருந்தது, ஒன்று சூம்பியிருந்தது.

காசியம்மாள் பிரித்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“மேடம், இன்னைக்கு நீங்க தப்பு.”

“என்ன தப்பு?”

“ரெண்டுலயும் சிவப்பு இருபத்தெட்டு. ரெண்டுமே நிக்கல். வெள்ளைதான் ஒண்ணுல கூட, ஒண்ணுல குறைய. கோபால்ட்டு எங்க?”

“எனக்குக் கோபால்ட் வேணுமே. நாளைக்கு உங்களுக்குப் பரீட்சை. இனி எங்கே போய்த் தேட?”

அவள் தட்டைப் பார்த்தாள். உப்பிய பையின் குவியலிலிருந்து ஒரே ஒரு சிவப்பு மணியை எடுத்தாள். மேடத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

மீதியைப் பைக்குள் அள்ளிப் போட்டு நீட்டினாள்.

“இந்தாங்க, கோபால்ட்டு.”

மேடம் பையைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“இது கனமா இருக்கே. அந்த நிக்கலைவிட எவ்வளவு கூட இருக்கும்?”

“தெரியாது மேடம்,” என்றாள் காசியம்மாள். “எடை போடலை.”